அரசுப் பள்ளி ஆண்டு விழா: சாதனையையும் சேவையையும் எப்படிப் பாராட்டுவது?

வேப்பமரத்தடி:
எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிப்ரவரி முதல் வாரம் ஆண்டு விழா. 6 முதல் 12 வரை சுமார் 420 பிள்ளைகள். இந்த முறை பரிசளிப்பு வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்களிடம் விட்டிருக்கிறார்கள். வழக்கமாக 10, 12 வகுப்புகளில் முதல் மூன்று மதிப்பெண், அப்புறம் விளையாட்டு, அதோடு முடிந்துவிடும். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் முகாமில் மண் வெட்டிய என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகளின் பெயரைக்கூட மேடையில் வாசிப்பதில்லை. எந்தெந்தச் சாதனையைச் சேர்க்கலாம், சேவையை எதை வைத்து மதிப்பிடுவது, செலவை எப்படி அடக்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
முதலில் பட்டியல், அப்புறம்தான் பரிசு. பெரும்பாலான பள்ளிகளில் சாதனைகள் விடுபடக் காரணம் அக்கறையின்மை அல்ல, அவை ஆளுக்கொரு இடத்தில் கிடப்பதுதான். குறுவட்ட விளையாட்டு முடிவு உடற்கல்வி ஆசிரியரிடம், கலைத் திருவிழா முடிவு அழைத்துப் போன ஆசிரியரிடம், வானவில் மன்றமும் இன்ஸ்பயர் விருதும் அறிவியல் ஆசிரியரிடம், திறனாய்வுத் தேர்வு முடிவு அலுவலகக் கணினியில். நடுவில் ஒருவர் மாறுதலாகிப் போனால் அந்தப் பிள்ளையின் வெற்றியும் அவரோடு போய்விடும்.

தலைமையாசிரியர் அறையில் ஒரே ஒரு நீளக் குறிப்பேடு போதும். தேதி, பெயர், வகுப்பு, போட்டி, எந்த நிலை, அழைத்துச் சென்ற ஆசிரியர், சான்று எண். மாதம் ஒருமுறை குழுக் கூட்டத்தில் அதை வாசித்துக் கையெழுத்திடுங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் எல்லாம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊர் நூலகம் நடத்தும் பேச்சுப் போட்டி, அஞ்சல் துறையின் கடிதப் போட்டி எல்லாம் அதில் ஏறாது.

இந்த ஆண்டுக்கு இனி பதிவேடு தொடங்கி ஆகாது. அதனால் வகுப்பாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டுப் பட்டியல் வாங்குங்கள். தொகுத்ததை மூன்று நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். விடுபட்டதைப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். தன் பெயரை எழுதக் கூச்சப்படும் பிள்ளைக்குத் தோழி எழுதுவாள்.

எண்ணும் எழுத்தும்:
சாக்பீஸ் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய உதவித்தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதுகிறார்கள். முடிவு பெரும்பாலும் ஆண்டு விழா முடிந்த பிறகுதான் வரும். அதனால் போன ஆண்டு தேறியவர்கள், அதாவது இப்போது ஒன்பதில் இருப்பவர்களை மேடையேற்றுங்கள். மாதம் 1,000 ரூபாய், 9 முதல் 12 வரை நான்கு ஆண்டு, மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 பேர் என்று ஒதுக்கீடு. கிராமப் பள்ளியில் ஒரு பிள்ளை தேறினாலும் அது பெரிய விஷயம்.

ஆனால் சால்வை போட்டுப் படம் எடுத்த அதே பள்ளியில் அடுத்த ஆண்டு புதுப்பித்தல் விடுபட்டுப் பணம் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, எமிஸில் ஒரு எழுத்து என்றிருந்தால் விண்ணப்பம் நிற்கும். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருந்து ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அம்மா கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் ஏறாது. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த இரண்டு ஆண்டு தொடரும். பட்டியல் வகுப்பு, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. 9 முதல் 12 வரை இருக்கும் பழைய வெற்றியாளர்கள் எல்லாருக்கும் பணம் வருகிறதா என்று விழாவுக்கு முந்தைய வாரம் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பொன்னாடையை விட இது பெரிய மரியாதை.

பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேறியவர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாதம் 1,500 வீதம் இரண்டு ஆண்டு கிடைக்கும். 1,500 இடங்களில் பாதி அரசுப் பள்ளிகளுக்கு.

முதல் பெஞ்ச்:
மதிப்பெண் பரிசை எடுத்துவிடாதீர்கள். மாநிலத் தர வரிசையை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது என்று சிலர் பள்ளி அளவிலும் வேண்டாம் என்கிறார்கள். அது வேறு, இது வேறு. உள்ளூர்ப் பெற்றோர் அரசுப் பள்ளியை நம்புவதற்கு இன்னும் மதிப்பெண்தான் முதல் சான்று. பக்கத்துத் தனியார் பள்ளி ஊர் முழுக்க பேனர் கட்டும்போது நம் பிள்ளையின் 480-ஐ நாம் சொல்லாமல் இருந்தால் யார் சொல்வார்கள்?

சாக்பீஸ்:
எடுக்கச் சொல்லவில்லை. மதிப்பெண் மட்டும் போதாது என்கிறேன். காலாண்டில் 38 எடுத்து அரையாண்டில் 61-க்கு வந்த பிள்ளைக்கு வகுப்புக்கு ஒரு பரிசு வையுங்கள். கணக்கிட எளிது: இரண்டு தேர்வின் மொத்த மதிப்பெண் வித்தியாசம். ஆனால் காலாண்டில் வராமல் இருந்தவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பட்டியலின் உச்சியில் அவர்களே நிற்பார்கள். முழு வருகைப் பதிவுக்குப் பரிசு தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காய்ச்சலோடு பிள்ளை பள்ளிக்கு வரும். மாதவிடாய் வலியோடு வரும் பெண்பிள்ளையும் விடுப்பு எடுக்கத் தயங்கும்.

ஏரிக்கரை:
என்.எஸ்.எஸ். பற்றிக் கேட்டீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கியது. ஆண்டு முழுக்கச் செய்யும் வழக்கமான பணி ஒன்று, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. விழாவில் பெரும்பாலும் முகாம் படத்தை மட்டும் காட்டுகிறோம். வழக்கமான பணிதான் உண்மையில் கடினம். அதைத் தொடர்ந்து செய்த பிள்ளை யார் என்று தொண்டர் நாட்குறிப்பைப் பார்த்தால் தெரியும். நாட்குறிப்பை முகாம் முடிந்து ஒரே நாளில் எழுத வைத்திருந்தால் மையின் நிறமும் கையெழுத்தின் வேகமும் காட்டிக் கொடுத்துவிடும். வாரம் ஒருமுறை திட்ட அலுவலரான ஆசிரியர் சுருக்கொப்பம் இட்ட நாட்குறிப்பை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மதிப்பிடும்போது செய்த வேலையின் அளவை விட, இன்று அது என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். பனை விதையையே எடுத்துக்கொள்வோம், எல்லாப் பள்ளியும் செய்வது அதுதான். 10 அடிக்கு ஒன்று என்று ஒற்றை வரிசையில் ஊன்றினால் ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஏறக்குறைய 330 விதைதான் பிடிக்கும். 10,000 விதை ஊன்றினோம் என்று ஒரு பள்ளி சொன்னால் 30 கிலோமீட்டர் கரை வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நாலைந்து விதைகளைக் கொட்டி மூடியிருந்தால் ஒன்றும் உருப்படியாக வளராது. ஆகவே எண்ணிக்கையைப் பாராட்ட வேண்டாம், இடைவெளியைப் பாராட்டுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் மரத்தடியில் விழுந்த பழத்தின் விதையை உடனே பயன்படுத்த வேண்டும். வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்ததில் முளைப்பு குறையும். அரை அடி முதல் ஒரு அடி ஆழம். கரையின் உச்சியில் வண்டித்தடம் இருக்கும், அங்கே வேண்டாம். வெளிச்சரிவின் அடியில் ஊன்றுங்கள். மதகு, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) பக்கம் போகவே கூடாது, வேர் கட்டுமானத்தைப் பாதிக்கலாம். அனுமதி யாரிடம் என்பதும் முக்கியம்: ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். இது தெரியாமல் ஊன்றினால் அடுத்த ஆண்டு கரை பலப்படுத்த வரும் பொக்லைன் எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிடும்.

இன்னொன்று. பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். கிழங்கு விட்டபின்தான் இலை. இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேலே ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் செத்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பொங்கல் சமயத்தில் ஊர்க்காரர்கள் கிழங்குக்காகத் தோண்டிவிடுவதும் நடக்கிறது. ஊன்றிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த கல்லை வைத்து, வரைபடத்தில் எண் போட்டு, கிராம சபையில் ஒரு வார்த்தை சொல்லி வைத்த அணிக்கு நான் முதல் பரிசு தருவேன், 100 விதை ஊன்றியிருந்தாலும் சரி.

வேப்பமரத்தடி:
ஏரிக்கரை ஐயா, மிக்க நன்றி. எங்கள் பிள்ளைகளும் ஏரிக்கரையில் கல் வைத்துப் பனை விதை ஊன்றியிருக்கிறார்கள். அதோடு வாய்க்கால் தூர் வாரினார்கள், ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்தைச் சுத்தம் செய்தார்கள். இதை எப்படி மதிப்பிடுவது?

ஏரிக்கரை:
வாய்க்கால் என்றால் நீளம், சராசரி அகலம், எடுத்த மண்ணின் ஆழம் மூன்றையும் நாடாவால் அளந்தார்களா என்று பாருங்கள். 60 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் 12 கன மீட்டர் மண். சின்ன வேலை அல்ல. எடுத்த மண்ணை எங்கே போட்டார்கள் என்பது அதைவிட முக்கியம். கரை ஓரத்திலேயே குவித்திருந்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்திருக்கும். ஐப்பசி மழைக்குப் பின் தண்ணீர் கடைமடை வரை போனதா என்று அந்த வாய்க்காலில் பாயும் விவசாயியிடம் கேட்டு ஒரு வரி எழுதி வாங்குங்கள். மேடையில் அந்த வரியையே வாசிக்கலாம்.

முகாமில் பெயர் வெளியே வராத வேலைகள் சில உண்டு. 25 பேர் முகாமுக்கு எட்டு மண்வெட்டி, இரண்டு கடப்பாரை, பத்துப் பாண்டு சட்டி என்று வாங்கி வந்தால், மாலையில் எண்ணித் துடைத்து வைப்பது ஒரு பிள்ளையாக இருக்கும். தண்ணீர்க் குடம் நிரப்பியது யார், முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டது யார், கணக்கு எழுதியது யார்? இவர்களைத் தேடிப் பிடியுங்கள். முகாமில் சண்டை வருவதும் வேலை நிற்பதும் இந்த இடங்களில்தான்.

கழிவுநீர்க் கால்வாயில் பிள்ளைகளை இறக்கிய படம் ஏதாவது இருந்தால் அதைக் காட்டாதீர்கள், அந்த வேலையைப் பாராட்டவும் செய்யாதீர்கள். மாணவர்கள் செய்யக் கூடாத வேலை அது.

முதல் பெஞ்ச்:
சிறந்த தொண்டர் என்று ஒருவருக்குப் பரிசு வேண்டாமா? ஒருவரைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கு ஆர்வம் வரும்.

ஏரிக்கரை:
எனக்கு அணிப் பரிசுதான் சரி என்று படுகிறது. சேவையில் ஒருவரை முதலிடம் என்று நிறுத்தினால் மறுநாளிலிருந்து படத்தில் முன்னால் நிற்கப் போட்டி தொடங்கும். உங்கள் பள்ளியில் கட்டாயம் ஒருவர் வேண்டும் என்றால், தேர்வைத் தொண்டர்களிடமே விடுங்கள். சீட்டில் ஒரு பெயர், அதன் கீழே ஒரு காரணம். காரணம் இல்லாத சீட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதல் பெஞ்ச்:
சீட்டு யோசனை சரி. ஆனாலும் ஒருவரைத் தனியாக அழைத்துச் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

திரைக்குப்பின்:
மேடை நிர்வாகம் பற்றி. ஒரு பரிசுக்கு, பெயர் வாசித்து, ஏறி, வாங்கி, படம் எடுத்து, இறங்க 40 நொடி ஆகும். 60 பரிசு என்றால் 40 நிமிடம். அதற்கு மேல் போனால் கூட்டம் கலையும். வகுப்பு வாரியாக இல்லாமல் பரிசு எண் வாரியாக ஒரே வரிசையில் பிள்ளைகளை மேடையின் இடப்பக்கம் உட்கார வையுங்கள், வலப்பக்கம் இறங்கட்டும். சான்றிதழ்கள் அதே எண் வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சான்றிதழை உடனே உருவ ஒரு ஆள் தனியாக வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பின் வரும் எல்லாருக்கும் வேறொருவர் பெயர் போட்ட சான்றிதழ்தான் கையில் கிடைக்கும்.

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, ஆண்டறிக்கை, உடனே பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் உரை அதற்குப் பிறகு. கலை நிகழ்ச்சி கடைசியில். உரையை முன்னால் வைத்தால் பரிசளிப்பு இருட்டிய பிறகு அவசர அவசரமாக நடக்கும். விருந்தினர் தாமதமானால் காத்திருக்காமல் ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரையோ, பள்ளியின் சத்துணவு அமைப்பாளரையோ வைத்துத் தொடங்கலாம்.

நேரம்: கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் காலை 11 மணிக்கு வர மாட்டார்கள், ஒரு நாள் சம்பளம் போகும். மாலை 4 மணிக்குத் தொடங்கி 7-க்கு முடியுங்கள். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு அழைப்பிதழ் அடியுங்கள். செய்முறைத் தேர்வுத் தேதியையும் பாருங்கள். 12-ஆம் வகுப்பு இல்லாத விழாவாகிவிடக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
செலவு. மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டு விழாவுக்கு அரசு நிதி வந்திருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேளுங்கள். மீதியை நன்கொடையாகத் திரட்டினால் கையில் ரொக்கமாக வாங்க வேண்டாம். குழுவில் தீர்மானம் போட்டு, குழுவின் வங்கிக் கணக்கில் வரவு வைத்து, ரசீது கொடுங்கள். பொருளாகத் தருபவர்களிடம் இன்ன பொருள், இத்தனை என்று பட்டியல் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நான்கு பேர் நான்கு விதமான சுவர்க் கடிகாரம் கொண்டு வருவார்கள்.

கோப்பை, ஷீல்டு வேண்டாம். தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக், ஒரே வருடத்தில் உரிந்துவிடும். கீழ் வகுப்புக்குக் கதைப் புத்தகம், மேல் வகுப்புக்கு அகராதி, என்.எஸ்.எஸ். பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வாங்கினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரும் காரணமும் கையால் எழுதுங்கள். நன்கொடையாளர் பெயரை அங்கே ஒட்டாதீர்கள், மேடையில் ஒருமுறை நன்றி சொன்னால் போதும்.

சான்றிதழுக்கு 250 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை. அதற்குக் குறைந்தால் மேடையிலேயே மடங்கும். அச்சுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலைப் பிள்ளைகளிடம் காட்டி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தலைப்பெழுத்தில்தான் பெரும்பாலும் பிழை வரும். கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுச் சான்றிதழ் காட்டும்போது ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல்.

2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூச்சு பூசிய தாள் குவளை, பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதில் வரும். நெகிழி ஒழிப்புப் பேரணி போன பிள்ளைகளுக்கு அதே குவளையில் டீ கொடுக்காதீர்கள். எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். பேனரும் ஒன்றே ஒன்று, மேடைக்குப் பின்னால் மட்டும், துணியில்.

வாசல்படி:
இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. அறிமுக வரிகளை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "தந்தையை இழந்து, தாய் கூலி வேலை செய்து படிக்க வைக்க, குடிசையில் விளக்கில்லாமல் படித்து" என்று ஒலிபெருக்கியில் வாசிப்பதைப் பாராட்டு என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளை மறுநாள் அதே வகுப்பில் அந்தப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும். இடையில் படிப்பை நிறுத்தித் திரும்ப வந்தவர், விடுதி மாணவர், உதவித்தொகைக்கான வருமானச் சான்று, இவை எதுவும் மேடைக்கு வரக் கூடாது. மாற்றுத்திறன் மாணவர் ஓவியத்தில் பரிசு வாங்கினால் ஓவியத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படி எழுதலாம்: "ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. பள்ளிக் கிணற்று நீரின் அமில காரத் தன்மையை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை அளந்து அட்டவணையிட்டவர்." என்ன செய்தார், எப்போது, எவ்வளவு. இரண்டு வரி. கேட்கும் பெற்றோருக்கும் அதைச் செய்யலாம் என்று தோன்றும். வாசிக்கும் முன் அந்தப் பிள்ளையிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

படங்களும் அப்படியே. 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடக் கூடாது. பெயரும் வகுப்பும் போதும். ஊர், தெரு, கைப்பேசி எண் வேண்டாம். அழைப்பிதழோடு சம்மதப் படிவத்தையும் கொடுத்தனுப்பினால் ஒரே வேலையில் முடிந்துவிடும். வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளின் பரிசு எண்களைப் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே கொடுங்கள்.

வேப்பமரத்தடி:
வாசல்படி அம்மா, போன ஆண்டு ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மாற்றி எழுதச் சொல்லப் போகிறேன். இன்னொரு கேள்வி: விழா நாளிலேயே மாணவர்களை வைத்து இரத்த தான முகாம் நடத்தலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார்.

ஏரிக்கரை:
மாணவர்களை வைத்து முடியாது. கொடையாளருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில்கூட பெரும்பாலோர் 17. முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் தரலாம், ஆனால் ஆண்டு விழா நாளில் வேண்டாம். கூட்டத்தில் படுக்கை போடவும் ஓய்வெடுக்கவும் இடம் இருக்காது. அரசு மருத்துவமனை இரத்த வங்கியிடம் தேதி கேட்டு வேறு நாளில் வையுங்கள். பதிவு மேசை, பழச்சாறு கொடுப்பது, கொடையாளர் 15 நிமிடம் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பது, இவற்றை என்.எஸ்.எஸ். பிள்ளைகள் செய்யட்டும்.

சாக்பீஸ்:
கிராம சபையை விட்டுவிட்டோமே. ஜனவரி 26 கூட்டம் உங்கள் விழாவுக்கு முன்னால் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சாதனைப் பட்டியலைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். தலைவர் இல்லாத இடத்தில் தனி அலுவலர் இருப்பார். பாராட்டுத் தீர்மானமாகப் பதிவானால் அது ஊராட்சி ஆவணம். அதே கூட்டத்தில் பனை ஊன்றிய கரையை யாரும் தோண்டக் கூடாது என்று ஒரு தீர்மானமும் சேர்த்துவிடலாம்.

ஏரிக்கரை:
சேர்க்கலாம், ஆனால் பொங்கலுக்குள் கிழங்கு தோண்டிவிடுவார்கள், 26-ஆம் தேதி பிந்திவிடும். மார்கழிக் கடைசிக்குள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் கல் வைத்த இடங்களை எண்ணிவிடுங்கள். ஊர்ப் பெரியவர் இருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கிராம சபையில் பதியுங்கள். ஆண்டறிக்கையிலும் ஊன்றியது இத்தனை, இருப்பது இத்தனை என்று இரண்டையும் போடுங்கள்.

வேப்பமரத்தடி:
எங்கள் ஏரி எந்தத் துறை என்று நாளை ஒன்றிய அலுவலகத்தில் கேட்கிறேன். சனிக்கிழமை காலை எண்ணப் போகிறோம். பெயர்ப் பட்டியல் திங்கட்கிழமை பலகையில் ஏறும்.